அக்சுவரி அலுவலகத்தில் எட்டு வாரங்கள்

எம்மவர் இல்லங்களிலே பிள்ளை கணிதத்தில் கெட்டித்தனம் காட்டத் தொடங்கியதும் பெற்றோரின் எண்ணம் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாசல்களில் ஒன்றை நோக்கியே செல்வது வழக்கம். நான்காவதாக ஒரு வாசலும் உண்டு என்பதை நாம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணிதம் பயிலும்போதுதான் அறிந்துகொண்டோம். சென்ற கோடை விடுமுறையில் இலண்டன் நகரிலுள்ள ஒரு நிறுவனத்தில் எட்டு வாரங்கள் பயிற்சி பெறும் வாய்ப்பும் எமக்குக் கிடைத்தது. இப்பள்ளியிலே அரிச்சுவடி முதல் உயர்தர வகுப்பு வரை பயின்றவர் என்ற உரிமையில், அவ்வனுபவத்தை மலருக்கு எழுதித் தருமாறு ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டனர். மாணவர்க்கு ஒரு தொழிலை அறிமுகம் செய்வதுடன், பெற்றோர்க்கும் பயன்படக்கூடிய சில செய்திகளை இங்கே கூற விழைகின்றோம்.

அத்தொழில் புரிவோரை ஆங்கிலத்தில் அக்சுவரி என்பர். தமிழில் காப்புறுதிக் கணிப்பாளர் என்று சொல்லலாமாயினும் அப்பெயர் அவர்தம் பணியின் ஒரு பகுதியையே குறிக்கும். ஆதலால் இக்கட்டுரையில் அக்சுவரி என்றே எழுதுகின்றோம். பல ஆண்டுகளுக்குப் பின்னர், நடக்கலாம் அல்லது நடவாமற் போகலாம் என்னும் நிலையிலுள்ள ஒரு நிகழ்ச்சிக்காக இன்று எவ்வளவு பணம் ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்று கணிப்பவரே அக்சுவரி ஆவார். அந்நிகழ்ச்சி மரணமாகவோ, விபத்தாகவோ, வெள்ளமாகவோ, அன்றி ஒருவர் தொண்ணூறு வயது கடந்தும் நலமுடன் வாழ்வதாகவோ இருக்கலாம். காப்புறுதி நிறுவனங்களிலே நேரடியாகப் பணிபுரியும் அக்சுவரிகளும் உளர். பல நிறுவனங்களுக்கும் ஓய்வூதிய நிதியங்களுக்கும் ஆலோசனை கூறுவோரும் உளர். நாம் சென்றது இரண்டாவது வகை.

எமது ஊர்களில் இயங்கிய மரண உதவிச் சங்கங்களைப் பெரியவர்கள் அறிவார்கள். உறுப்பினர் எல்லோரும் ஒரே அளவு சந்தா செலுத்துவர்; ஒருவர் இறந்தால் குடும்பத்தினருக்குக் குறித்த தொகை வழங்கப்படும். சங்கம் தொடங்கிய காலத்தில் எல்லோரும் இளையவர், செலவு குறைவு. முப்பது ஆண்டுகள் கழிந்ததும் அவ்வுறுப்பினர் முதுமை எய்துவர், மரணங்கள் பெருகும், சந்தாவை உயர்த்த நேரிடும். உயர்த்தினாலோ, "மூத்தவர்களுக்காக நாங்கள் ஏன் கட்டவேண்டும்?" என்று இளையவர் விலகுவர். அவர்கள் விலக விலகச் சந்தா இன்னும் உயரும். நல்லெண்ணத்துடன் தொடங்கிய சங்கம் எவருடைய குற்றமும் இன்றி நலிவதற்கு இதுவே வழி.

இதே இடர்ப்பாடு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலும் இருந்தது. வால்வெள்ளியின் பெயரால் நாம் அறிந்த எட்மண்ட் ஹலி என்னும் வானியலாளர், இன்று போலந்து நாட்டில் உள்ள பிரெஸ்லோ நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1693ஆம் ஆண்டில் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். அக்காலத்தில் இங்கிலாந்து அரசாங்கம் ஆயுட்கால ஆண்டுத்தொகைகளை விற்றுப் பணம் திரட்டியது. வாங்குபவர் சிறுவராயினும் முதியவராயினும் விலை ஒன்றே. சிறுவருக்கு அதிக விலையும் முதியவருக்குக் குறைந்த விலையும் விதிப்பதே முறை என்று ஹலி எண்களால் காட்டினார். அவர் காட்டியதை அரசாங்கம் உடனே பின்பற்றவில்லை என்பது வேறு கதை.

ஹலிக்குப் பின்வந்த ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியரின் வரலாறு எமக்கு மிகவும் பிடித்தது. அவர் 1756ஆம் ஆண்டளவில் ஓர் ஆயுட்காப்புறுதிச் சங்கத்தில் சேர விரும்பினார். நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டார் என்று அச்சங்கம் அவரை ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்ட மனிதர் வீட்டிலிருந்து கணக்குப் போடத் தொடங்கினார். சேரும்போதுள்ள வயதுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டணத்தை நிர்ணயித்து, அதனை ஆயுள் முழுவதும் மாறாது வைத்திருக்கலாம் என்பது அவர் கண்ட வழி. இளமையில் தேவைக்கு மேலாகச் செலுத்தும் பகுதி வட்டியுடன் வளர்ந்து முதுமையிலே கைகொடுக்கும். டொட்சன் தமது திட்டம் நிறைவேறுமுன்னரே 1757இல் இறந்தார். ஆயினும் அவருடைய கணக்கின் அடிப்படையில் 1762ஆம் ஆண்டில் எக்குவிட்டபிள் என்னும் சங்கம் உருவாயிற்று. அக்சுவரி என்னும் பதவிப்பெயர் இத்துறைக்கு வந்ததும் அச்சங்கத்தினாலேயே.

ஸ்கொட்லாந்தில் இன்னும் முந்தியே ஓர் அருஞ்செயல் நடந்தது. அங்குள்ள திருச்சபைப் போதகர்கள் இறந்தால் மனைவியரும் பிள்ளைகளும் வறுமையில் வாடினர். ரொபேர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்ரர் என்னும் இரு போதகர்கள், கொலின் மக்லோரின் என்னும் கணிதப் பேராசிரியரின் துணையுடன் 1744ஆம் ஆண்டில் ஒரு விதவையர் நிதியத்தை நிறுவினர். எந்நேரமும் ஏறத்தாழ 930 போதகர்கள் உயிருடன் இருப்பர்; ஆண்டுதோறும் 27 பேர் இறப்பர்; அவர்களுள் 18 பேர் மனைவியரை விட்டுச் செல்வர் என்று அவர்கள் கணித்தனர். எந்தப் போதகர் இறப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனை பேர் என்பது மட்டும் தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து நிதியத்தில் இருந்த தொகைக்கும் அவர்கள் முன்னரே கணித்த தொகைக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஒரு பவுண் அளவே. இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த எமது பாட்டனாரின் சம்பளத்திலிருந்து விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கென மாதந்தோறும் கழிக்கப்பட்ட தொகையும் இந்தச் சிந்தனையின் வழிவந்ததே. பாட்டியார் தம் இறுதிக்காலம் வரை அதனைப் பெற்று, எவரிடமும் கைநீட்டாது வாழ்ந்தார்.

இவற்றையெல்லாம் நாம் வீட்டில் ஆர்வத்துடன் சொன்னபோது எமது தாயார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப இது சாவைக் கணக்குப் பாக்கிற வேலையோ, பிள்ளை?" பாட்டியாரின் ஓய்வூதியத்தை நினைவூட்டிய பின்னரே அவருடைய முகம் தெளிந்தது.

பயிற்சிக்கு இடம் கிடைத்த விதத்தையும் மாணவர் பொருட்டுச் சொல்லிவிடுகின்றோம். முதலில் விண்ணப்பம், பின்னர் கணினி வழியாக எண்ணறிவுப் பரீட்சை, அதன்பின் நேர்முகம். நேர்முகத்தில் கடினமான கணக்கு எதுவும் கேட்கப்படவில்லை. பணம் தொடர்பான ஏதேனும் ஒன்றை அதுபற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் விளக்குமாறு கேட்டனர். நாம் எடுத்துக்கொண்டது சீட்டு!

இருபது பேர் சேர்ந்து மாதம் 100 பவுண் வீதம் சீட்டுக் கட்டுகின்றனர் எனக் கொள்வோம். மாதந்தோறும் சேர்வது 2000 பவுண். முதல் மாதமே பணம் தேவைப்படும் ஒருவர் 400 பவுண் கழிவு கேட்டு 1600 பவுணுடன் எடுத்துச் செல்கின்றார். அக்கழிவு மற்றவர்களுக்குப் பகிரப்படுகின்றது. இறுதி வரை பொறுத்திருப்பவர் முழுத்தொகையையும் பெறுகின்றார். இன்று கையிற் கிடைக்கும் 1600 பவுணும் இருபதாம் மாதம் கிடைக்கவிருக்கும் 2000 பவுணும் அவ்விருவர் மனத்திலும் ஒரே பெறுமதி உடையன என்பதுதானே இதன் பொருள்? நேர்முகம் செய்தவர்கள் எமது மக்கள் வங்கிகளின் துணையின்றி இவ்வாறு வட்டியைத் தாமே நிர்ணயிப்பதைக் கேட்டு வியந்தனர். சீட்டில் ஏமாந்தவர் கதைகளும் உண்டு என்பதையும் மறைக்காமற் சொன்னோம்.

அக்சுவரியின் பணியில் பாதி இந்தக் கழிவுக் கணக்கே. இருபது ஆண்டுகளின் பின் ஒருவருக்கு 1000 பவுண் கொடுக்கவேண்டியுள்ளது. ஆண்டுக்கு 3 வீதம் வட்டி கிடைக்கும் என எண்ணினால் இன்று 554 பவுண் ஒதுக்கிவைத்தாற் போதும். 5 வீதம் என எண்ணினால் 377 பவுணே போதும். எடுகோளில் இரண்டு வீத வேறுபாடு. ஒதுக்கவேண்டிய தொகையிலோ மூன்றில் ஒரு பங்களவு வேறுபாடு. ஆயிரக்கணக்கானோருக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கொடுக்கவேண்டிய ஓய்வூதியங்களுக்கு இதனைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு தொழிற்சாலை தப்புவதும் மூடப்படுவதும் கூட அந்த எண்ணைப் பொறுத்திருக்கலாம். எடுகோளைத் தாராளமாக வைத்தால் இன்றைய முதலாளிக்கு மகிழ்ச்சி. அது பொய்த்தால் நாளைய முதியவர்க்குத் துன்பம். மிக இறுக்கமாக வைத்தால் புதிய இயந்திரம் வாங்கவேண்டிய பணம் நிதியத்துக்குள் முடங்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவரே அக்சுவரி.

2022ஆம் ஆண்டு புரட்டாதி மாத இறுதியில் நிகழ்ந்ததை அலுவலகத்தில் இன்றும் பேசிக்கொள்கின்றனர். செப்டெம்பர் 23ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த வரிக்குறைப்புத் திட்டத்தைத் தொடர்ந்து அரசாங்கக் கடன்முறிகளின் விலை சரிந்து, அவற்றின் வட்டி வீதம் சடுதியாக உயர்ந்தது. வட்டி உயர்ந்தால் ஒதுக்கவேண்டிய தொகை குறையும் என்று மேலே கண்டோம். அவ்வாறாயின் ஓய்வூதிய நிதியங்களுக்கு இது நற்செய்தியாக அன்றோ இருந்திருக்கவேண்டும்? கணக்கேட்டில் நற்செய்திதான். ஆனால் பல நிதியங்கள் வட்டி வீழ்ச்சியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கடன்முறிகளை ஈடாக வைத்து ஒப்பந்தங்கள் செய்திருந்தன. விலை சரிந்ததும் மேலதிக ஈடு உடனடியாகக் கேட்கப்பட்டது. கையில் ரொக்கம் இல்லாத நிதியங்கள் கடன்முறிகளை விற்க, விலை மேலும் சரிந்தது. 28ஆம் திகதி இங்கிலாந்து வங்கி தலையிட்டுக் கடன்முறிகளை வாங்கத் தொடங்கிய பின்னரே நிலைமை தணிந்தது. செல்வம் வேறு, கைக்காசு வேறு என்பதைக் காணி இருந்தும் கலியாணச் செலவுக்குக் கடன் வாங்கிய எமது குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி, நாள்தோறும் செய்த வேலை. உண்மையைச் சொல்வதாயின் அதிற் பெரும்பகுதி சலிப்பானதே. வாரத்தில் மூன்று நாள்கள் அலுவலகம், இரண்டு நாள்கள் வீட்டிலிருந்தே கணினியிற் பணி. எக்செல் விரிதாளில் ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். நிறுவனம் ஒன்றின் ஓய்வூதிய நிதியம் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மதிப்பிடப்பட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அதற்கு முன்னர் தரவுகளைத் துப்புரவு செய்தல் வேண்டும். பணியிற் சேர்ந்தபோது பன்னிரண்டு வயது என்று காட்டும் பதிவு, சென்ற முறையிலும் பார்க்கக் குறைந்துவிட்ட ஓய்வூதியம், 1900ஆம் ஆண்டு தைத்திங்கள் முதலாம் நாள் பிறந்தவர்கள் எனக் காட்டும் ஒரு கூட்டம். (பிறந்த திகதி தெரியாவிடத்து யாரோ ஒருவர் இட்டுநிரப்பியவை அவை.) ஒவ்வொன்றையும் குறித்துக் கேள்வி அனுப்பினோம். ஒருவர் செய்த கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார். அதனை மூன்றாமவர் மேற்பார்வையிடுவார். மூவரின் பெயரெழுத்துகளும் திகதியுடன் தாளில் இடப்பட்ட பின்னரே அது வெளியே செல்லும். மூத்த அதிகாரியின் கணக்கும் இவ்விதிக்கு விலக்கல்ல. மாணவராகிய எம்மிடம் அவர் தமது தாளைச் சரிபார்க்கத் தந்தபோது முதலில் கூச்சமாக இருந்தது. பின்னர் அதுவே இத்தொழிலில் எமக்கு மிகப் பிடித்த வழக்கமாயிற்று.

இவ்விடத்தில் பெற்றோருக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. தரவுகளைப் பார்வையிடும்போது தென்னாசியப் பெயர்கள் படும் பாட்டைக் கண்டோம். எமக்கு ஆங்கிலேயரைப் போலக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பனார் பெயரும் சொந்தப் பெயருமே உண்டு. ஒருவர் முதலிற் பணிபுரிந்த இடத்தில் தகப்பனார் பெயர் குடும்பப்பெயராகப் பதியப்படும். அடுத்த இடத்தில் அவருடைய சொந்தப் பெயரே குடும்பப்பெயராகிவிடும். மூன்றாமிடத்தில் நீண்ட பெயர் பாதியில் வெட்டப்படும். மனைவியின் கடவுச்சீட்டிலோ தகப்பனார் பெயர். மருத்துவரின் ஏட்டிலோ கணவன் பெயர். போர்க்காலத்தில் பிறப்புச் சான்றிதழை இழந்து வந்தவர்களின் பிறந்த திகதி ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுவதும் உண்டு. உயிருடன் இருக்கும்வரை இவை சிறு தொல்லைகள்தாம். கணவன் இறந்தபின், "இவரே அவர், இவருடைய மனைவி நானே" என்று நிறுவ வேண்டிய நிலைக்கு ஒரு பெண் தள்ளப்படும்போதுதான் இதன் பாரம் தெரியும்.

2012ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் தொழில்வழங்குநர்கள் ஊழியரைத் தாமாகவே ஓய்வூதியத்தில் சேர்த்தல் வேண்டும் என்ற சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இருபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டு, ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்போர் பெரும்பாலும் இதில் அடங்குவர். கணிப்புக்குரிய சம்பளத்தில் ஆகக் குறைந்தது 8 வீதம் சேர்க்கப்படும்; அதில் 3 வீதமேனும் தொழில்வழங்குநர் தரவேண்டும். மாதச்செலவுக்கு முட்டுப்பட்டு இதிலிருந்து விலகிக்கொள்பவர் அந்த 3 வீதத்தையும் சேர்த்தே இழக்கின்றார். பெட்ரோல் நிலையம், கடை, பராமரிப்பு இல்லம் என்று பல இடங்களில் உழைத்த எமது பெற்றோருக்குப் பல சிறு ஓய்வூதியக் கணக்குகள் இருக்கக்கூடும். வீடு மாறும்போது முகவரியை அறிவிக்காததால் கடிதங்கள் பழைய வீட்டுக்கே செல்லும். ஓய்வூதியங்களைத் தேடிக் கண்டறிய அரசாங்கம் நடத்தும் சேவை உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து, அலுமாரியிலுள்ள திறக்கப்படாத கடித உறைகளைத் திறந்து, எந்தெந்த இடத்தில் எந்தப் பெயரில் பதிவு உள்ளது என்று ஒரு தாளில் எழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம். இறந்தபின் பணம் யாரைச் சேரவேண்டும் என்று குறிக்கும் விருப்பப் படிவம் ஒன்றும் பெரும்பாலான நிதியங்களில் உண்டு. எமது வீட்டில் அப்படிவம் வெறுமையாகவே இருந்தது; இப்பொழுது நிரப்பப்பட்டுள்ளது.

மீண்டும் அலுவலகத்துக்கு வருவோம். வட்டிக்கு அடுத்த பெரும் எடுகோள் ஆயுள். நடுவயதிற்குப் பின் மரணவீதம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்னும் ஒழுங்கை பெஞ்சமின் கொம்பேட்ஸ் என்பவர் 1825இல் எடுத்துக்காட்டினார். யூதர் என்பதால் பல்கலைக்கழகம் செல்ல முடியாது தாமே கற்றுத் தேர்ந்தவர் அவர். இன்று வயதுடன் வேறு பலவும் நோக்கப்படுகின்றன. ஒருவர் பெறும் ஓய்வூதியத்தின் அளவு, செய்த தொழில் என்பவற்றுடன் அவர் வாழும் இடத்தின் அஞ்சற் குறியீடும் கணக்கில் எடுக்கப்படுகின்றது. வசதியுள்ளோர் வாழும் பகுதியினர் நீண்டகாலம் வாழ்வர் என்று எடுகோள்; வறிய பகுதியினருக்குக் குறைவு. நாம் வளர்ந்த தெருவின் குறியீட்டுக்கும், மூன்று மைல் தொலைவிலுள்ள இன்னொரு தெருவின் குறியீட்டுக்கும் வேறு வேறு எண் வருவதைத் திரையிற் கண்டபோது சிறிது நேரம் கை ஓடவில்லை. எண் பிழையன்று, அது காட்டும் உலகந்தான் கோணலானது. எதனைக் கணக்கில் எடுக்கலாம், எதனை எடுத்தலாகாது என்பதைக் கணிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆண், பெண் என்னும் வேறுபாட்டைக் கொண்டு காப்புறுதிக் கட்டணம் விதிப்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் தடுத்தது. 2012 டிசம்பர் 21 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. பெண்களின் ஆயுள் கூடியது என்பது புள்ளிவிபரம். அதனை விலையில் காட்டலாகாது என்பது சமுதாயத்தின் முடிவு.

ஆறாவது வாரத்தில் ஒரு நிதியத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்க அனுமதி கிடைத்தது. கோயில்களுக்குத் தர்மகர்த்தாக்கள் இருப்பதுபோல ஓய்வூதிய நிதியத்துக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. அவர்களில் மூன்றிலொரு பங்கினரேனும் உறுப்பினரால் முன்மொழியப்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. அக்கூட்டத்தில் நிறுவன இயக்குநருக்கு அருகில் களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டும் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். அக்சுவரி நாற்பது பக்க அறிக்கையை விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் கையை உயர்த்தினார். "இந்தப் பற்றாக்குறை என்கிறீர்களே, நாளை கம்பனி முறிந்தால் என்னோடு வேலை செய்தவர்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். அறையிலே அமைதி. அக்சுவரி அறிக்கையை மூடி வைத்தார். ஏற்கெனவே ஓய்வுபெறும் வயதை எட்டியவர்கள், இன்னும் எட்டாதவர்கள், இறந்தவரின் துணைவர் என்று பிரித்து, 2005இல் நிறுவப்பட்ட ஓய்வூதியப் பாதுகாப்பு நிதியம் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தரும், எதனைத் தராது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒரு கலைச்சொல்லும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நாற்பது பக்கங்களும் எழுதப்பட்டன என்பது எமது கருத்து.

அப்பெரியவரின் கேள்விக்கு இந்நாட்டில் வரலாறு உண்டு. 1991ஆம் ஆண்டில் பத்திரிகை அதிபர் ரொபேர்ட் மக்ஸ்வெல் இறந்தபின், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்கள் எடுக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதன் விளைவு. டொட்சனின் கணக்கில் எழுந்த எக்குவிட்டபிள் சங்கமும் தப்பவில்லை. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் அது சில உறுப்பினருக்கு, ஓய்வுபெறும்போது இவ்வளவு வீதம் நிச்சயம் தருவோம் என்று வாக்களித்திருந்தது. பின்னர் வட்டி வீழ்ந்தது. மக்களின் ஆயுள் நீண்டது. வாக்குறுதியின் விலை மலைபோல் வளர்ந்தது. கொடுப்பனவைக் குறைக்க அது எடுத்த வழி செல்லாது என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் புதிய உறுப்பினரைச் சேர்ப்பதை அச்சங்கம் நிறுத்திக்கொண்டது. உலகுக்கு ஆயுட்காப்புறுதிக் கணக்கைக் கற்பித்த நிறுவனத்துக்கே நேர்ந்த கதி இது என்பதை எமது மேற்பார்வையாளர் முதல் வாரத்திலேயே சொல்லிவைத்தார்.

ஓய்வூதியம் பெறும் வயதை நெருங்கும் பெற்றோர் ஒரு கணக்கைக் கவனித்தல் நன்று. ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் தரும் பழைய வகை நிதியங்களில், அதன் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை பெறலாம். ஆண்டுக்கு 1000 பவுணை விட்டால் 15,000 பவுண் தருகின்றனர் எனக் கொள்வோம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர், ஆண்டுதோறும் ஓய்வூதியம் உயரும் என்பதைச் சேர்க்காமலே, இழப்பவர் ஆகின்றார். மறுபுறம் அத்தொகைக்கு வரியில்லை. கடுமையான நோயுற்றவருக்கு அதுவே உகந்ததாகலாம். பிள்ளையின் வீட்டுக்கடனை அடைக்கும் அவசரமும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் விடை வேறுபடும். ஆனால் இந்தப் பழைய வகை ஓய்வூதியத்தை முழுவதுமாக வெளியே மாற்றித் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. பெறுமதி 30,000 பவுணுக்கு மேற்பட்டால் தகுதிபெற்ற ஆலோசகரின் அறிவுரை பெறாமல் மாற்ற முடியாது என்று சட்டமே சொல்கின்றது.

இத்துறையில் விருப்பம் கொள்ளும் மாணவர்க்குச் சில செய்திகள். உயர்தரத்தில் கணிதம் இன்றியமையாதது. மேற்கணிதமும் பயின்றால் வழி எளிது. பல்கலைக்கழகத்தில் அக்சுவரியல் பட்டம்தான் பெறவேண்டும் என்பதில்லை. கணிதம், புள்ளிவிபரவியல், பௌதிகம், பொருளியல் பயின்றோரும் எம்முடன் இருந்தனர். பட்டத்தோடு படிப்பு முடியாது. இங்கிலாந்தில் 1848இலும் ஸ்கொட்லாந்தில் 1856இலும் தோன்றி, 2010இல் ஒன்றிணைந்த அக்சுவரிகள் கழகம் நடத்தும் பரீட்சைகளை, பகலில் வேலை செய்துகொண்டே பல ஆண்டுகள் எழுதவேண்டும். முதல் முயற்சியில் தேறாதோர் பலர். எமது குழுவிலிருந்த மிகக் கெட்டிக்காரர் ஒருவரும் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதியிருந்தார். படிப்பதற்கென நிறுவனம் விடுமுறை தருவது ஒரு நிம்மதி. வருமானம் நன்றே, ஆயினும் வருமானத்துக்காக மட்டும் பிள்ளையை இதற்குள் தள்ளுவது, விருப்பமற்ற பிள்ளையை மருத்துவத்துக்குள் தள்ளுவதற்கு ஒப்பாகும். எக்செலோடு ஆர், பைதன் போன்ற கணினி மொழிகளில் ஒன்றேனும் தெரிந்திருத்தல் நல்லது. கணக்கைப் போடும் வேலையின் பெரும்பகுதியைக் கணினி எடுத்துக்கொள்கின்றது. எடுகோளைத் தேர்வதும், பாரந்தூக்கி ஓட்டும் பெரியவருக்கு விளக்குவதும் மனிதரிடமே உள்ளன. ஆகவே கட்டுரை எழுதச் சோம்புபவர் இத்துறையில் இடர்ப்படுவர்.

கோடைகாலப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் முந்திய இலையுதிர்காலத்திலேயே திறக்கப்படுகின்றன. சில நிறுவனங்கள் இடம் நிரம்பியதும் மூடிவிடுவதால் கார்த்திகைக்கு முன் அனுப்புவது உத்தமம். பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவருக்கென ஒரு வாரகால அறிமுகப் பயிற்சிகளும் உண்டு. அடுத்த தவணை தொடங்கியதும் உயர்தர வகுப்பு மாணவருக்காக ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணிநேரம், மாதிரி எண்ணறிவு வினாக்களைச் செய்து காட்ட எண்ணியுள்ளோம். விரும்புவோர் தம் வகுப்பாசிரியரிடம் பெயரைக் கொடுத்து வைக்கலாம். கல்குலேட்டரைக் கொண்டுவர மறவாதீர்கள்.